திரை பார்த்தால் கண் வலிக்கிறதா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

கண் வலி என்றதும் பெரும்பாலானவர்கள் செய்வது மூன்று: பிரகாசத்தைக் குறைப்பார்கள், இரவுப் பயன்முறையைப் போடுவார்கள், நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி வாங்குவார்கள். முதல் வேலை சில மானிட்டர்களில் வலியைக் கூட்டிவிடும். இரண்டாவது தூக்கத்துக்கு உதவலாம், வலிக்குச் சில நேரம் எதிராகவும் போகும். ஏன் என்று கீழே வருகிறது. மூன்றாவதைப் பற்றி 2023-ல் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 17 சோதனைகளை அலசிப் பார்த்தது. சாதாரணக் கண்ணாடியை விட அது கண் அயர்ச்சியைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்பதுதான் அதன் முடிவு.

காரணம் கண்ணில் இருக்கலாம், போட்டிருக்கும் கண்ணாடியில் இருக்கலாம், அறை விளக்கில், மானிட்டரின் பின்னொளியில், கிராஃபிக்ஸ் சிப் அனுப்பும் படத்தில் என்று எங்கும் இருக்கலாம். ஒவ்வொன்றும் தரும் தொந்தரவு வேறு மாதிரி இருக்கும். அதனால் எந்த அமைப்பையும் தொடுவதற்கு முன் என்ன செய்கிறது, எப்போது செய்கிறது, எந்தத் திரையில் செய்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் மருத்துவரிடம் போக வேண்டியவை

திடீரென்று ஒரு கண்ணில் கடும் வலி, கண் சிவந்து வாந்தி வருவது போல் இருப்பது, விளக்கைச் சுற்றி வண்ண வளையம், பார்வையின் ஒரு பக்கம் திரை விழுந்தது போல் மறைவது, புதிதாக மின்னல் வெட்டுவது போலவோ கரும்புள்ளிகள் மிதப்பது போலவோ தெரிவது. இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்கள். கண் அழுத்தம் திடீரென ஏறினாலும் விழித்திரை விலகினாலும் இப்படித்தான் இருக்கும். மானிட்டரை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரமல்ல அது.

எதையும் மாற்றும் முன்: இடம் மாற்றிப் பார்த்தல்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். வலி தரும் கணினியை வேறொரு மானிட்டரில் இணைத்துப் பாருங்கள். அப்புறம் வலி தரும் மானிட்டரில் வேறொரு கணினியை இணைத்துப் பாருங்கள். கேபிள், பிரகாசம், அறை வெளிச்சம், உட்காரும் தூரம் எதுவும் மாறக் கூடாது.

எந்தக் கணினியை இணைத்தாலும் அந்த மானிட்டரில் வலிக்கிறது என்றால் பின்னொளியையோ பேனலையோ சந்தேகப்படலாம். எந்த மானிட்டரில் இணைத்தாலும் அந்தக் கணினி வலி தருகிறது என்றால் கிராஃபிக்ஸ் சிப், டிரைவர், இயங்குதளம் ஆகியவற்றின் பக்கம் பார்க்க வேண்டும். எல்லாத் திரையும் ஒரே மாதிரி வலித்தால் கண், கண்ணாடி, அறை விளக்கு, உட்காரும் முறை ஆகியவைதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கும் இது முடியும். வெளி மானிட்டரை இணைத்து, மடிக்கணினியின் சொந்தத் திரையை அணைத்துவிட்டு வேலை செய்தாலே போதும்.

சோதனையைக் காலையில், கண் ஓய்ந்திருக்கும்போது செய்யுங்கள். ஒருமுறை கிளம்பிய வலி திரையை மாற்றியதும் அடங்காது. மாலையில் சோதித்தால் நல்ல மானிட்டரும் கெட்டதாகத் தெரியும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஐந்தை ஒன்றாக மாற்றி வலி போனால், எதனால் போனது என்று தெரியாமல் அடுத்த கணினி வாங்கும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

அறிகுறி: மாலைக்குள் எரிச்சல், உறுத்தல், மணல் விழுந்தது போல் இருப்பது

இது பெரும்பாலும் வறட்சி. திரையை உற்றுப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது வழக்கத்தில் பாதிக்கும் கீழே போய்விடும். சிமிட்டுகிற சிமிட்டலும் அரைகுறையாக இருக்கும். ஏசியோ மின்விசிறியோ முகத்துக்கு நேராக வீசினால் இன்னும் மோசம். காற்றின் திசையை மாற்றுங்கள். மானிட்டரின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். பார்வை தாழ்ந்தால் இமை கண்ணை அதிகம் மூடியிருக்கும், ஈரம் காயாது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தூரத்தில் உள்ள ஏதாவது ஒன்றை, 20 விநாடி பார்க்கச் சொல்லும் பழைய விதி இதற்கும் நல்லது, குவியத் தசைக்கும் நல்லது. பக்கத்து நிறங்களை மாற்றி மாற்றிக் காட்டி நடு நிறத்தை உண்டாக்கும் டிதரிங் (பின்னால் வருகிறது) பற்றியெல்லாம் இங்கே யோசிக்கத் தேவையில்லை.

அறிகுறி: பிரகாசத்தைக் குறைத்தால் வலி கூடுகிறது

நெற்றிப்பொட்டில் அழுத்தம், கண்ணுக்குப் பின்னால் இறுக்கம், லேசான குமட்டல், வெயில் நேரத்தில் முழுப் பிரகாசத்தில் ஒன்றும் இல்லாமல் இரவில் குறைத்து வைத்ததும் தொடங்குவது. இந்தக் கதையைக் கேட்டால் முதலில் பின்னொளியைத்தான் பார்க்க வேண்டும்.

எல்இடி பின்னொளியின் வெளிச்சத்தைக் குறைக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, அதற்குப் போகும் மின்னோட்டத்தையே குறைப்பது. மற்றொன்று, விளக்கை முழு வெளிச்சத்திலேயே வைத்து, வேகமாக அணைத்து அணைத்து ஏற்றுவது. இரண்டாவதற்குப் பெயர் பிடபிள்யூஎம். விநாடிக்கு 240 முறை துடிக்கும் திரையை 25 சதவீதப் பிரகாசத்தில் வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு துடிப்பும் ஏறக்குறைய 4 மில்லிவிநாடி. அதில் 1 மில்லிவிநாடி வெளிச்சம், 3 மில்லிவிநாடி முழு இருட்டு. பிரகாசத்தைக் குறைக்கக் குறைக்க இருட்டின் பங்கு நீளும். அதனால்தான் குறைத்தால் வலி கூடுகிறது.

‘இவ்வளவு வேகத்தைக் கண் பார்க்காதே’ என்று சொல்வார்கள். கண் அசையாமல் இருக்கும்போது அது சரி. ஆனால் படிக்கும்போது கண் அசையாமல் இருப்பதில்லை; சொல்லுக்குச் சொல், வரிக்கு வரி தாவுகிறது. தாவும் அந்தக் கணத்தில் ஒவ்வொரு துடிப்பும் விழித்திரையில் வேறு வேறு இடத்தில் விழுகிறது. இந்த நிலையில் 1000 ஹெர்ட்ஸுக்கு, அதாவது விநாடிக்கு 1000 முறைக்கு மேற்பட்ட துடிப்பையும் மனிதர்கள் உணர முடியும் என்று சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். 1989-ல் ஆர்னால்டு வில்கின்ஸ் குழு அலுவலக ஊழியர்களிடம் செய்த ஆய்வில், விநாடிக்கு 100 முறை துடித்த குழல் விளக்குகளை உயர் அதிர்வெண் விளக்குகளாக மாற்றியதும் தலைவலியும் கண் வலியும் பாதிக்கும் கீழே குறைந்தன. ஊழியர்கள் யாரும் துடிப்பைக் கண்ணால் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. எனவே துடிப்பு தெரியவில்லை என்பதற்காக உங்கள் வலியைக் கற்பனை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சோதிப்பது எளிது. திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, அறையை இருட்டாக்குங்கள். மெல்லிய பேனா ஒன்றைத் திரைக்கு முன்னால் விசிறி போல் வேகமாக ஆட்டுங்கள். ஒரே மங்கலான வீச்சாகத் தெரிந்தால் துடிப்பு இல்லை, அல்லது மிக வேகமானது. சீப்புப் பற்கள் மாதிரி தனித்தனிப் பேனாக்கள் தெரிந்தால் பின்னொளி துடிக்கிறது. 100, 50, 20 சதவீதம் என்று பிரகாசத்தை இறக்கி ஆட்டிப் பாருங்கள். எந்த இடத்தில் சீப்பு தோன்றுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சில மானிட்டர்கள் குறிப்பிட்ட அளவு வரை மின்னோட்டத்தைக் குறைத்துவிட்டு, அதற்குக் கீழே மட்டும் துடிக்கும்.

செல்பேசிக் கேமராவிலும் பார்க்கலாம். புரோ முறையில் ஷட்டரை 1/1000 விநாடி அல்லது அதைவிட வேகமாக வைத்தால், துடிக்கும் திரையில் கரும்பட்டைகள் ஓடும். ஓஎல்இடி திரையில் மட்டும் கவனம்: பிடபிள்யூஎம் இல்லாவிட்டாலும் திரை புதுப்பிக்கப்படும்போது ஒரு மெல்லிய பட்டை ஓடும். பல பட்டைகள், அகலமானவை, பிரகாசத்தைக் குறைத்தால் தடிமன் ஏறுபவை என்றால்தான் பிடபிள்யூஎம்.

தீர்வு: சீப்பு தோன்றும் அளவுக்கு மேலேயே பிரகாசத்தை வைத்துவிட்டு, அறை வெளிச்சத்தைக் கூட்டுங்கள். அது முடியாதபோது பின்னொளியை உயரத்தில் விட்டு, மானிட்டரின் கான்ட்ராஸ்டைக் குறைக்கலாம். செல்பேசியில் ஆண்ட்ராய்டின் ‘எக்ஸ்ட்ரா டிம்’, ஐஃபோனின் ‘ரெடியூஸ் ஒயிட் பாயிண்ட்’ இரண்டும் இந்த வேலையைச் செய்யும். புதிதாக வாங்குவதென்றால், துடிப்பின் வேகத்தை அளந்து வெளியிட்ட மதிப்பாய்வைத் தேடிப் படியுங்கள். மின்பொறியாளர்களின் அமைப்பான ஐஇஇஇ வெளியிட்ட 1789 என்ற 2015-ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, முழுதாக அணைந்து எரியும் ஒளி 1250 ஹெர்ட்ஸுக்கு மேல் இருந்தால் ஆபத்து குறைவு. 3000 ஹெர்ட்ஸுக்கு மேல் கவலை வேண்டாம். பெட்டியில் அச்சிட்ட ‘ஃபிளிக்கர் ஃப்ரீ’ என்ற சொல்லை மட்டும் நம்பி வாங்காதீர்கள். பேனாவை ஆட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மேசை விளக்கையும் கூரை விளக்கையும் அதே பேனாவால் சோதித்துவிடுங்கள். திரை நன்றாக இருந்து, விளக்கு துடிக்கும் வீடுகள் நிறைய.

அறிகுறி: பக்கம் மாறும்போது திரை தானாகவே மங்குகிறது, வெளுக்கிறது

மின்சாரம் சேமிக்கும் வசதிகளின் வேலை இது. படத்தில் இருட்டு அதிகமானால் பின்னொளியைக் குறைத்து நிறத்தைத் தூக்கும். கண்மணி அதற்கேற்ப விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கும். விண்டோஸ் 11-ல் டிஸ்ப்ளே பகுதியில் பிரகாசத்தின் கீழ் உள்ள ‘உள்ளடக்கத்துக்கேற்பப் பிரகாசத்தை மாற்று’ என்பதை அணையுங்கள். இன்டெல் கிராஃபிக்ஸ் செயலியில் ‘டிஸ்ப்ளே பவர் சேவிங்ஸ்’, ஏஎம்டியில் ‘வேரி-பிரைட்’, மானிட்டர் மெனுவில் ‘டைனமிக் கான்ட்ராஸ்ட்’. எல்லாவற்றையும் அணைத்துவிடலாம், மின்சாரம் கொஞ்சம் கூடச் செலவாகும், அவ்வளவுதான்.

அறிகுறி: எழுத்து கூர்மையாக இல்லை, கண் குவிய மறுக்கிறது

முதலில் மானிட்டர் அதன் சொந்தத் தெளிவுத்திறனில் இயங்குகிறதா பாருங்கள். சிவப்புப் பின்னணியில் நீல எழுத்து ஒன்றைத் திறந்து பாருங்கள். கருப்பு எழுத்து தெளிவாக இருந்து இது மட்டும் கலங்கினால், நிறத் தகவல் குறைக்கப்பட்டு வருகிறது. டிரைவரில் வண்ண வடிவத்தை, நிறத் தகவலைக் குறைக்காத ஆர்ஜிபி அல்லது 4:4:4 ஆக்குங்கள். தொலைக்காட்சியை மானிட்டராக வைத்திருந்தால், அந்த எச்டிஎம்ஐ உள்ளீட்டைப் ‘பிசி’ என்று பெயர் மாற்றினால்தான் பல மாடல்களில் இது சரியாகும்.

எழுத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு தெரிந்தால் ஷார்ப்னஸ் அதிகம். அந்த விளிம்பு மறையும் வரை இறக்குங்கள். எழுத்தின் ஓரத்தில் பச்சை, ஊதா நிறம் கசிந்தால் விண்டோஸில் எழுத்தைச் சீராக்கும் கிளியர்டைப் அமைப்பை ஓட்டிப் பாருங்கள். ஓஎல்இடி மானிட்டர்களில் துணைப் பிக்சல்கள் (ஒரு பிக்சலுக்குள் இருக்கும் தனித்தனி நிறப் புள்ளிகள்) வழக்கமான வரிசையில் இருக்காது, அதனால் கசிவு முழுதாகப் போகாது. எழுத்தளவைக் கூட்டுவதுதான் அங்கே வழி. மேக்கில் 2018-ன் மொஹாவே பதிப்பிலிருந்து துணைப் பிக்சல் மென்மையாக்கல் எடுக்கப்பட்டுவிட்டது. குறைந்த அடர்த்தி மானிட்டரில் எழுத்து மங்கலாகத் தெரிவது அதனால்தான்.

அறிகுறி: பிரகாசம் எவ்வளவு வைத்தாலும், அசையாத பக்கத்தைப் பார்த்தாலும், சீக்கிரமே கண் இறுகுகிறது

பேனா சோதனையில் சீப்பு இல்லை. எழுத்து தெளிவு. வேறு கணினியை இணைத்தால் அதே மானிட்டர் இதமாக இருக்கிறது. இப்போதுதான் டிதரிங்கைச் சந்தேகப்பட வேண்டும். பலர் இதிலிருந்துதான் தொடங்குகிறார்கள், அது வீண் அலைச்சல். பின்னொளித் துடிப்பில் வெளிச்சம் முழுதாக அணைந்து ஏறுகிறது. டிதரிங்கில் ஒரு பிக்சல் பக்கத்து நிற அளவுக்கு ஒரு படி ஏறி இறங்குகிறது, அவ்வளவுதான். ஆனாலும் அதை அணைத்ததும் நிம்மதியாக வேலை செய்ய முடிந்தது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். மற்ற காரணங்களை ஒதுக்கிய பிறகு செய்து பார்க்கத் தகுந்த வேலை இது.

நடப்பது இதுதான். கணினி ஒவ்வொரு நிறத்துக்கும் 256 அளவுகளில் படம் தருகிறது. மலிவான பேனலுக்கு 64 அளவுகள்தான் தெரியும், அதாவது 6 பிட். கணினி 130-வது அளவைக் கேட்கிறது. நான்கால் வகுத்தால் 32.5. பேனலிடம் 32 இருக்கிறது, 33 இருக்கிறது, நடுவில் ஒன்றும் இல்லை. ஆகவே ஒரு ஃபிரேமில் (திரை ஒருமுறை புதுப்பிக்கப்படும் படத்தில்) 32, அடுத்ததில் 33 என்று மாற்றி மாற்றிக் காட்டுகிறது. 129-ஐக் கேட்டால் மூன்று ஃபிரேம் 32, ஒரு ஃபிரேம் 33. 60 ஹெர்ட்ஸ் திரையில் இந்த நான்கு ஃபிரேம் சுற்று விநாடிக்கு 15 முறை வரும். பக்கத்துப் பிக்சல்கள் வேறு வேறு நேரத்தில் மாறுவதால் திரை மொத்தமாக மின்னாது. கண்ணுக்கு நடு நிறம் போலத் தெரியும். ஆனால் அசையாத பக்கம் என்று நீங்கள் நினைப்பது உள்ளே அசைந்துகொண்டேதான் இருக்கிறது.

இதை இரண்டு இடத்தில் செய்யலாம். மானிட்டரே செய்தால் அதற்கு எஃப்ஆர்சி என்று பெயர். விவரக் குறிப்பில் ‘6 பிட் + எஃப்ஆர்சி’, ‘8 பிட் + எஃப்ஆர்சி’ என்று இருக்கும். கிராஃபிக்ஸ் சிப் செய்தால் எந்த நல்ல மானிட்டரை வாங்கினாலும் கூடவே வரும். இடம் மாற்றிப் பார்க்கும் சோதனை இங்கே முழுப் பயன் தருகிறது: டிதரிங் கணினியோடு போகிறதா, மானிட்டரோடு தங்குகிறதா என்று சொல்லிவிடும்.

ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. படம் நினைவகத்திலிருந்து வெளியேறிய பிறகுதான் டிதரிங் நடக்கிறது. கருஞ்சாம்பலிலிருந்து வெளிர்சாம்பலுக்கு மெல்ல மாறும் படம் ஒன்றைத் திறந்து, செல்பேசியில் உருப்பெருக்கி லென்ஸைப் பொருத்தி, பிக்சல்கள் தனித்தனியாகத் தெரியும் அளவுக்கு நெருங்கி, 240 ஃபிரேம் ஸ்லோ மோஷனில் எடுங்கள். சில பிக்சல்கள் மட்டும் எறும்பு ஊர்வது போல் மினுக்கினால் டிதரிங் இருக்கிறது. பிரகாசத்தை முழுதாக வைத்து எடுங்கள்; இல்லாவிட்டால் பின்னொளித் துடிப்பும் சேர்ந்து குழப்பும்.

அணைக்கும் வழி இயங்குதளத்துக்கு இயங்குதளம் வேறு. லினக்ஸில் என்விடியா செட்டிங்ஸ் செயலியில், மானிட்டரின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் டிதரிங்கை ‘டிசேபிள்டு’ ஆக்கலாம். முழுதாக அணைக்க வேண்டாம் என்றால் முறையை ‘ஸ்டாடிக் 2x2’ ஆக்குங்கள். அது புள்ளிகளை இடத்தில் மட்டும் பரப்பும், ஃபிரேமுக்கு ஃபிரேம் மாற்றாது. இன்டெல் லினக்ஸ் டிரைவர் 6 பிட் வெளியீட்டுக்கு மட்டும் டிதரிங் போடும். எக்ஸ்ரேண்டர் கட்டளையில் ‘மேக்ஸ் பிபிசி’ (ஒரு நிறத்துக்கான பிட் வரம்பு) மதிப்பு 8 என்று இருக்கிறதா பாருங்கள். ஆப்பிள் சிப் உள்ள மேக்கில் ஸ்டில்கலர் என்ற சிறு இலவசச் செயலியோ பெட்டர்டிஸ்ப்ளே செயலியோ கிராஃபிக்ஸ் டிதரிங்கை அணைக்கும். அணைந்துவிட்டதா என்பதை அதே சாம்பல் படத்தைத் திறந்து தெரிந்துகொள்ளலாம்: முன்பு வழுவழுப்பாக இருந்தது இப்போது பட்டை பட்டையாகத் தெரிந்தால் வேலை செய்கிறது என்று பொருள்.

விண்டோஸ்தான் சிக்கல். அங்கே நேரடிச் சுவிட்சைத் தேடுவதை விட டிதரிங் தேவைப்படும் சூழலையே இல்லாமல் செய்வது நல்லது. அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே பகுதியைத் திறந்து பிட் ஆழம் என்ன என்று பாருங்கள். ‘8 பிட் டிதரிங்குடன்’ என்று இருந்தால் விண்டோஸே ஒப்புக்கொள்கிறது. பெரும்பாலும் வெளிச்ச வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் எச்டிஆர் முறையைப் போட்டிருப்பதுதான் காரணம்: எச்டிஆருக்கு 10 பிட் வேண்டும், எச்டிஎம்ஐ 2.0 கேபிள் வழியாக 4கே, 60 ஹெர்ட்ஸ், முழு ஆர்ஜிபியில் 10 பிட் கொள்ளாது, அதனால் 8 பிட்டில் டிதரிங் செய்து அனுப்புகிறது. எச்டிஆரை அணையுங்கள். மானிட்டர் ‘8 பிட் + எஃப்ஆர்சி’ வகை என்றால் டிரைவரில் வெளியீட்டை 10-லிருந்து 8 பிட்டாக இறக்கிப் பாருங்கள். மானிட்டர் தன் பங்குக்குச் செய்யும் வேலை குறையும்.

அப்புறம் நிறத் திருத்தங்கள். இரவு ஒளி, வண்ண அளவீட்டுச் சுயவிவரம், காமா மாற்றும் செயலிகள் எல்லாம் நிற அட்டவணையைத் திருத்துகின்றன. திருத்தினால் நடுவில் விழும் மதிப்புகள் பிறக்கும். அவற்றைக் காட்டச் சில கிராஃபிக்ஸ் சிப்கள் டிதரிங்கை நாடும். தொடக்கத்தில் இரவுப் பயன்முறை எதிராகப் போகும் என்றது இதனால். நிறத்தை மஞ்சளாக்க வேண்டுமானால் மானிட்டரின் சொந்த மெனுவில் வெப்பநிலையை மாற்றிப் பார்த்து, எது இதமாக இருக்கிறது என்று ஒப்பிடுங்கள்.

விண்டோஸின் உள் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் டிதரிங்கை அணைக்கும் மதிப்புகள் சில டிரைவர்களில் வேலை செய்யும், சிலவற்றில் எதுவும் நடக்காது. முயல்வதானால் மீட்புப் புள்ளி ஒன்றை உருவாக்கிவிட்டு முயலுங்கள். கண்ணால் உணர்ந்ததை மட்டும் நம்பாமல் ஸ்லோ மோஷனில் மறுபடி எடுத்து உறுதி செய்யுங்கள்.

அறிகுறி: நேற்று வரை நன்றாக இருந்தது, அப்டேட்டுக்குப் பிறகு வலி

டிரைவரோ இயங்குதளமோ மாறியபோது பிட் ஆழம், வண்ண வடிவம், எச்டிஆர், மின்சேமிப்பு ஆகியவை நீங்கள் மாற்றியதை விட்டு இயல்பு அமைப்புக்குத் திரும்பியிருக்கலாம். முதலில் இந்த நான்கையும் சரிபாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் வலி என்றால் முந்தைய டிரைவருக்குத் திரும்புங்கள், தானியங்கிப் புதுப்பிப்பைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். கண்ணுக்கு ஒத்துப்போன டிரைவர் பதிப்பின் எண்ணை எழுதி வைப்பது பெரிய உதவி.

அறிகுறி: விளையாட்டின்போது மட்டும்

மோஷன் பிளர் குறைப்பு, ‘1 எம்எஸ் எம்பிஆர்டி’, யுஎல்எம்பி போன்றவை பின்னொளியை ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அணைத்து ஏற்றுபவை. அணையுங்கள். ஓஎல்இடி பேனல்களிலும் எல்சிடியில் ஒரு வகையான விஏ பேனல்களிலும் மாறும் புதுப்பிப்பு வேகம் (விஆர்ஆர்) போட்டிருந்தால், ஃபிரேம் எண்ணிக்கை தடுமாறும்போது வெளிச்சமும் தடுமாறும். இருண்ட காட்சிகளில் நன்றாகத் தெரியும். அதை அணைத்து, ஃபிரேம் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைத்து ஆடிப் பாருங்கள்.

அறிகுறி: எல்லாம் செய்தும், எல்லாத் திரையிலும் வலி

திரையை விட்டுவிட்டுக் கண்ணைப் பாருங்கள். சிறிய சிதறல் பார்வைக் குறைபாடு, இரு கண்ணும் அருகில் சேர்ந்து குவிவதில் பலவீனம், நாற்பதுக்கு மேல் வரும் வெள்ளெழுத்து மூன்றும் தூரப் பார்வைச் சோதனையில் பிடிபடாமல் போகலாம். புரோகிரசிவ் கண்ணாடி போட்டவர்கள் தாடையை உயர்த்தி, லென்ஸின் கீழ்ப்பகுதி வழியாக மானிட்டரைப் பார்ப்பார்கள். கழுத்தும் வலிக்கும், கண்ணும் வலிக்கும். அவர்களுக்குக் கணினி தூரத்துக்கென்றே தனிக் கண்ணாடி வேண்டும்.

பரிசோதனைக்குப் போகும்போது ‘கம்ப்யூட்டர் பார்த்தால் வலிக்கிறது’ என்று மட்டும் சொன்னால் போதாது. வழக்கமாக உட்காருவது போல் உட்கார்ந்து, கண்ணிலிருந்து திரை வரை உள்ள தூரத்தை அளவு நாடாவால் யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் 50-லிருந்து 70 செ.மீ.க்குள் வரும். இரண்டு மானிட்டர் என்றால் இரண்டு தூரம். அந்த எண்ணைக் கொண்டுபோய், இந்தத் தூரத்தில் குவிதலையும் இரு கண் ஒருங்கிணைப்பையும் சோதித்துச் சொல்லுங்கள் என்று கேளுங்கள்.